உட்கார்ந்து பார்த்து எழுதிய டெண்டர்

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி, தான் போய்க் கழுநீர்ப் பானையில் விழுமாம். ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம் எனக்கு அதுதான் நடந்தது. பணிக்காலத்தில் பெரும்பகுதி அடுத்தவர் வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டுக்கொண்டிருந்தவள் நான். கடைசியில் என் வேலையையே ஒப்பந்தத்துக்கு விடுவதாக உத்தரவு வந்தது. நான் போன பிறகு என் இடத்துக்கு நிரந்தர ஆள் கிடையாது. ஏதாவது ஒரு கம்பெனி ஓர் ஆளை அனுப்பும்.

உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு திவ்யா என் மேசை அருகே வந்து நின்றாள். எங்கள் பிரிவின் இளைய எழுத்தர் அவள். குன்னூர்ப் பெண், கெட்டிக்காரி.

"மேடம், உங்க போஸ்ட்டுக்கு வேலை விவரம் எழுதணுமாங்க. உங்க வேலை உங்களைவிட யாருக்குத் தெரியும்? நீங்க சொல்லுங்க, நான் டைப் பண்ணிக்கறேன்."

"அவங்கவங்க வேலைக்கு அவங்கவங்களே விவரம் சொல்லக் கூடாது. மறந்துட்டியா?" என்றேன்.

திவ்யா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த விதி எந்தக் கையேட்டிலும் இல்லை. எப்போதோ ஒரு கர்னல் வாயால் சொல்லிப் போட்டது. அவர் மாற்றலாகிப் போன பிறகும் எங்கள் பிரிவில் அது நிலைத்துவிட்டது. அது எப்படி வந்தது என்று எழுதி வையுங்கள் மேடம் என்று திவ்யாதான் கேட்டாள். இப்போது வீட்டில் சும்மாதான் இருக்கிறேன், எழுதிவிடுகிறேன்.

நான் வேலை பார்த்தது மலையில் உள்ள ஒரு ராணுவ உயர்கல்விக் கல்லூரி. பெயர் சொல்லப்போவதில்லை. படிக்க வருகிறவர்கள் பள்ளி முடித்த பிள்ளைகள் இல்லை. மேஜர் அளவில் இருக்கும் அதிகாரிகள், மனைவி மக்களோடு வந்து தங்கிப் படிப்பார்கள். வெளிநாட்டு அதிகாரிகளும் உண்டு. படிப்பு முடிந்ததும் மொத்தக் கூட்டமும் மூட்டை கட்டிக்கொண்டு போகும், அடுத்த கூட்டம் வரும். பாடம் நடத்துகிற அதிகாரிகளுக்கும் சில வருடத்தில் மாற்றல் வந்துவிடும். ஒரே இடத்தில் வேர் பிடித்துக் கிடப்பவர்கள் என்னைப் போன்ற சிவிலியன் ஊழியர்கள்தான்.

நான் கோத்தகிரிப் பக்கத்து அரவேணுக்காரி. அப்பா எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதியவர். தட்டச்சில் ஹையர் பாஸ் செய்து, தேர்வு எழுதி, டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். குளிரில் விறைத்த விரலை டீ கிளாஸில் சூடுகாட்டிக்கொண்டு டைப் அடித்தேன் என்பதைத் தவிர அந்த முதல் வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு காலம் மாறியது. நிரந்தர ஊழியர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற, அவர்கள் இடத்தில் பெரும்பாலும் யாரையும் போடவில்லை. ஆனால் வேலை அப்படியே இருந்தது. ஆய்வுக் கட்டுரைகளை டைப் செய்ய, நூலகத்தில் உதவ, விரிவுரை அரங்கில் மைக்கும் திரையும் பார்த்துக்கொள்ள, வெளிநாட்டு அதிகாரிகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர, எல்லாவற்றுக்கும் கம்பெனி வழியாக ஆள் எடுக்கத் தொடங்கினார்கள். அந்த ஒப்பந்தங்களைப் பார்க்கும் பிரிவில் என்னைப் போட்டார்கள். அங்கேயே தலை நரைத்தேன்.

முறை இதுதான். என்ன வேலை, அதற்கு என்ன தகுதி வேண்டும் என்று முதலில் ஒரு வேலை விவரம் எழுத வேண்டும். நிதிப் பிரிவு அதைப் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். பிறகு அது டெண்டராக இணையதளத்தில் ஏறும். கம்பெனிகள் போட்டி போடும். ஜெயித்த கம்பெனி ஆட்களை அனுப்பும். இன்னார்தான் வேண்டும் என்று நாங்கள் பெயர் சொல்லக் கூடாது. சொன்னால் எங்கள் வேலை போய்விடும். ஒப்பந்தக் காலம் முடிந்தால் பழைய ஆட்கள் கேட் பாஸைத் திருப்பித் தந்துவிட்டு, புதுக் கம்பெனி கூப்பிடுமா என்று வீட்டில் காத்திருக்க வேண்டும். ஒருவர் இருப்பதும் போவதும் வேலை விவரத்தில் நாங்கள் எழுதுகிற நாலு வரியைப் பொறுத்தது.

அந்த நாலு வரியை நாங்கள் எப்படி எழுதினோம் என்று கேட்டால், எழுதவே இல்லை என்பதுதான் உண்மை. போன தடவை எழுதியதை எடுத்து, வருடத்தை மட்டும் மாற்றுவோம். எனக்கு முன்னால் இருந்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள். அவர்களுக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான்.

ஒரு தடவை கோயமுத்தூர்க் கம்பெனி ஒன்று டைப்பிஸ்ட் வேலைக்கு ஒரு பெரியவரை அனுப்பியிருந்தது. வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, குரங்குத் தொப்பி. கையில் ஒரு சின்னத் தகரப் பெட்டி, உள்ளே பிரஷ்ஷும் எண்ணெயும். கம்ப்யூட்டர்கள் வரிசையாக இருந்த அறைக்கு நடுவில் நின்று அவர் நாலா பக்கமும் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, மெஷின எங்கீங்க வெச்சிருக்கீங்க?"

எங்கள் டெண்டரை எடுத்துப் பார்த்தோம். 'தட்டச்சு இயந்திரத்தின் ரிப்பனை மாற்றத் தெரிந்திருக்க வேண்டும்' என்று தெளிவாக இருந்தது. தட்டச்சு இயந்திரங்கள் எல்லாம் பழைய இரும்புக்குப் போய் எத்தனையோ காலம் ஆகியிருந்தது. வருடத்தை மட்டும் மாற்றி மாற்றி அந்த வரியை நாங்கள் காப்பாற்றி வந்திருக்கிறோம். பாவம், அந்தக் கம்பெனியும் ரிப்பன் மாற்றத் தெரிந்த ஆளைச் சல்லடை போட்டுத் தேடிப் பிடித்திருக்கிறது.

நாங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தபோதுதான் கர்னல் சேதுராமன் உள்ளே வந்தார். எங்கள் பிரிவுக்குப் புதிதாகப் பொறுப்பேற்றிருந்தவர், மதுரைப் பக்கத்துக்காரர். எப்போதோ பனிமலையில் விழுந்து முதுகில் அடிபட்டதால் அவரால் அதிக நேரம் உட்கார முடியாது. தச்சரிடம் சொல்லி நெஞ்சு உயரத்துக்கு ஒரு மேசை செய்து வாங்கி, கோப்புகளை நின்றபடிதான் பார்ப்பார். அவர் நிற்கும்போது நாங்கள் எப்படி உட்காருவது? நாங்களும் நிற்போம். அதனால் எங்கள் பிரிவில் மட்டும் கூட்டங்கள் சீக்கிரம் முடியும்.

அவர் சிரிக்கவில்லை. பெரியவரைக் கேண்டீனுக்கு அழைத்துப்போய்த் தானே டீயும் வர்க்கியும் வாங்கிக் கொடுத்தார். கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைத்திருந்த பழைய தட்டச்சு இயந்திரத்தை எடுத்துவரச் சொல்லி அவர் முன்னால் வைத்தார். பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. துடைத்து, எண்ணெய் போட்டு, இறுகிக்கிடந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பினார். வந்த வேலையை முடித்த திருப்தியோடு மத்தியான பஸ்ஸில் மலை இறங்கினார்.

அதற்குப் பிறகு கர்னல் எங்களைக் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். குரலை உயர்த்தாமல் ஒன்றுதான் கேட்டார்.

"அந்த டைப்பிஸ்ட் சீட்ல நீங்க யாராவது உக்காந்து பாத்திருக்கீங்களா?"

"இல்லை சார்," என்றேன்.

"இனிமே உக்காந்து பாத்துட்டு எழுதுங்க. காலையில ஆபீஸ் திறக்கறதுல இருந்து மூடுற வரைக்கும். அந்த வேலை பாக்குறவங்க சொல்றத கேட்டு எழுதாதீங்க. அவங்க மேலதிகாரி சொல்றதையும் கேட்காதீங்க. அவங்கவங்க வேலைய அவங்கவங்க சொன்னா கூட்டியோ குறைச்சோதான் வரும்."

இதுதான் விதி. அன்றிலிருந்து நான் உட்காராத நாற்காலி இல்லை. நூலகத்தில் உட்கார்ந்தேன். அரங்கத்தில் மைக் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஆங்கில வகுப்பில் உட்கார்ந்தபோதுதான், வெளிநாட்டிலிருந்து வந்த அதிகாரி புரியாவிட்டாலும் 'எஸ், எஸ்' என்று தலையாட்டுவார் என்பதையும், அவர் மானம் போகாமல் மறுபடி சொல்ல வைப்பதுதான் அங்கே பாதி வேலை என்பதையும் கண்டேன். அதுவரை இலக்கணத் தகுதி மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். நேற்று வரை என் முன்னால் வெறும் காகிதமாக இருந்த வேலைகள் எல்லாம் முகம் உள்ளவையாக ஆயின. எனக்கு என் வேலை பிடித்துப்போனது அப்போதுதான். அதற்காகவே அந்த மனிதருக்கு ஆயுசுக்கும் நன்றி சொல்வேன்.

இனி புஷ்பராணியின் கதை. அதுதான் எனக்கு ரொம்பக் கடினமாக இருந்தது.

படிக்க வரும் அதிகாரிகளின் குடும்பங்களுக்கு உதவ ஒரு மேசை உண்டு. பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம், சமையல் கேஸ், ஆஸ்பத்திரி, எந்தக் கடையில் என்ன கிடைக்கும் என்பது வரை எல்லாம் அங்கேதான் கேட்பார்கள். அந்த மேசையில் பல வருடமாக ஒப்பந்தத்தில் இருந்தவள் புஷ்பராணி. இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். பிளஸ் டூ வரைதான் படிப்பு. கணவர் இல்லை. ஒரே மகள் கோயமுத்தூரில் நர்சிங் கடைசி வருடம். அந்தச் சம்பளத்தில்தான் தாயும் மகளும் நிமிர்ந்தார்கள்.

புது டெண்டர் போடும் நேரம் வந்தது. மேசை வேலைகளுக்கெல்லாம் பட்டதாரிகளாகப் பார்த்து எடுப்பது நல்லது என்று மேலிருந்து பொதுவான அறிவுரை ஒன்று வந்தது. அதை அப்படியே எழுதினால் புஷ்பராணியைப் புதுக் கம்பெனி தொடக்கூட முடியாது. விஷயம் எப்படியோ அவள் காதுக்குப் போய்விட்டது. அவள் என் அறைக்கு வந்து நின்றாள்.

"உக்காரு புஷ்பா," என்று எதிர் நாற்காலியைக் காட்டினேன்.

உட்கார்ந்தாள். நாற்காலி டக்கென்று ஒரு பக்கம் ஆடியது. பாவம், எவ்வளவு பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

"மேடம், நான் ஊட்டுக்குப் போயிருவேனுங்களா?"

"தெரியலையே புஷ்பா."

"என்ற மக படிப்பு முடியற வரைக்குமாவது இருந்தாப் போதுமுங்க. அப்புறம் தேயிலை பறிக்கப் போனாலும் கவலையில்லைங்க."

அவள் எழுந்து போகவில்லை. ஃபிளாஸ்கில் இருந்த டீயை ஊற்றிக் கொடுத்தேன். வெளியே பனிமூட்டம் ஜன்னலை ஒட்டி நின்றது. நான் கோப்பு பார்ப்பது போல் உட்கார்ந்திருந்தேன், அவள் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்காலி மட்டும் அவ்வப்போது டக், டக் என்றது.

அன்றைக்கே உட்கார்ந்து ஒரு வேலை விவரம் எழுதினேன். தமிழும் மலையாளமும் பேச வேண்டும், கொஞ்சம் சிங்களம் தெரிந்தால் நல்லது, உள்ளூர் ஆஸ்பத்திரிகளில் பழக்கம் இருக்க வேண்டும், குடும்பப் பொறுப்புள்ள நடுவயதுப் பெண்ணாக இருக்க வேண்டும். படிக்கப் படிக்க எனக்கே பெருமையாக இருந்தது. அதை நிதிப் பிரிவுக்கு அனுப்பினேன். அங்கே இருந்தவர் போஜன். படுக இனத்தவர், கோத்தகிரிக்கு அப்பால் ஒரு ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் கிராமத்திலிருந்து, தினமும் பஸ்ஸில் வருவார். நண்பர்தான், ஆனால் கோப்பு என்று வந்துவிட்டால் சொந்த அண்ணனுக்கும் கையெழுத்துப் போட மாட்டார். கோப்பைத் தானே கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஏனுங்க மேடம், இது டெண்டரா, இல்ல பொண்ணு பாக்கறதுக்குக் குடுத்து விடற போட்டோவா? கன்னத்துல மச்சம் எந்தப் பக்கம்னு மட்டும்தான் எழுதாம விட்டிருக்கீங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. இருவரும் கர்னலிடம் போய் நின்றோம். அவர் நின்றபடியே படித்தார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"உக்காந்து பாத்தீங்களா?"

"தினமும் பாக்கிறேன் சார்."

"பாக்குறீங்க, சரி. உக்காந்தீங்களா?"

இல்லை. அந்த ஒரு மேசையைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று விட்டுவிட்டேன். சரி, நாளைக்கே உட்காருகிறேன் என்றேன். கர்னல் தலையை ஆட்டினார்.

"நீங்க வேண்டாம். உங்களுக்கு அவங்களப் பிடிக்கும். போஜன் உக்காந்தா உங்களுக்குத் திருப்தி வராது. நானே உக்காருறேன்."

"சார், உங்க முதுகு..." என்று இழுத்தேன்.

"முதுகு என்னோடது," என்றார்.

மறுநாள் புஷ்பராணியை நூலகத்துக்கு அனுப்பிவிட்டு, கர்னல் அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். முதுகுக்கு இரண்டு தலையணை. முழுச் சீருடையில் ஒரு கர்னல் உதவி மேசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பால் அட்டை கேட்க வந்த ஒரு மேஜரின் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டார். கர்னல் 'வாங்கம்மா' என்று கூப்பிட்டு, பால் அட்டைக்கு யாரிடம் போக வேண்டும் என்று தெரியாமல் என்னைத் தொலைபேசியில் கேட்டார். பள்ளி வேனைத் தவறவிட்ட பிள்ளை, வராத சிலிண்டர், கதவைத் திறந்து வைத்ததால் குரங்கு புகுந்த சமையலறை என்று ஒவ்வொன்றாக வந்தது. எல்லாவற்றையும் பென்சிலால் குறித்துக்கொண்டார். சில பெண்கள் வந்து எட்டிப் பார்த்து, 'புஷ்பா இல்லையா, நாளைக்கு வர்றோம்' என்று எதையுமே கேட்காமல் திரும்பிப் போனார்கள். அதையும் குறித்துக்கொண்டார்.

மத்தியானத்துக்கு மேல் வெளிநாட்டு மேஜர் ஒருவரின் இளம் மனைவி வந்தார். ஆங்கிலம் அரைகுறை. உட்கார்ந்தார், அழத் தொடங்கினார். கர்னலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். முதல் பிரசவம், கணவன் படிப்பில் மூழ்கிக் கிடக்கிறான், தாய் கடல் கடந்து எங்கோ இருக்கிறாள். இதை நான் மெல்லப் பேச்சுக் கொடுத்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு முறையும் அவள் கூடப் போனவள் புஷ்பராணியாம்.

மாலையில் கர்னல் எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை. நானும் போஜனும் ஆளுக்கு ஒரு கை பிடித்துத் தூக்கி நிறுத்தினோம். வலியில் முகம் வெளிறியிருந்தது. அப்படியே மேசையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"காலையில இருந்து உக்காந்திருக்கேன். டிகிரி எங்கயும் தேவைப்படல. அத எடுத்துருங்க. ஆனா கம்ப்யூட்டர் தேவைப்படுது. பள்ளி, ஆஸ்பத்திரி, எல்லாமே இப்ப அதுலதான் பதியணும். அவங்களுக்குத் தெரியாது போல, பக்கத்து அறைப் பொண்ணுகிட்டக் கெஞ்சிப் பண்ணி வாங்குறாங்க. அதையும் எழுதுங்க."

"சார், அத எழுதினா புஷ்பா போயிருவா," என்றேன்.

"எழுதலைன்னா வேலை நின்னுரும். வர்ற குடும்பங்க என்ன பாவம் பண்ணுச்சு? அவங்க கத்துக்கட்டும் மேடம். இன்னும் நாள் இருக்கு."

கம்பெனி அனுப்புகிறவர்களை அந்த மேசையிலேயே உட்கார வைத்து வேலை பார்க்கச் சொல்லித் தேர்ந்தெடுப்பது, அதில் தேர்ச்சி பெறுகிறவர் யாராக இருந்தாலும் சரி என்று விவரத்தில் சேர்த்தோம். காரணங்களை விளக்கிக் கர்னல் மேலே எழுதினார். போஜன் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

புஷ்பராணிக்குக் கோபம் வந்தது. என்மேல்தான்.

"மரத்துல ஏத்திவிட்டு ஏணிய எடுத்துட்டீங்களே மேடம்," என்று சொல்லிவிட்டுப் போனவள், பிறகு என்னிடம் பேசவே இல்லை. காரிடாரில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை என்று சொன்னால் மிகை, ஆனால் ருசிக்கவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் அந்த மேசைப் பக்கம் போனேன். புஷ்பராணி கம்ப்யூட்டர் முன்னால் ஒரு விரலால் குத்திக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி அதிகாரிகளின் மனைவிமார். அதில் ஒருவர் தன் நாட்டில் கம்ப்யூட்டர் ஆசிரியையாம். 'நோ, நோ, புஷ்பா, அகெய்ன்!' என்று அதட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் அவளுக்குச் சப்பாத்தியைச் சுருட்டி வாயில் ஊட்டிக்கொண்டிருந்தார், கை விசைப்பலகையை விட்டு நகரக் கூடாதாம். அன்று கர்னல் முன்னால் அழுத அந்தப் பிள்ளைத்தாய்ச்சி எதிரே உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். நான் வந்த சுவடு தெரியாமல் திரும்பிவிட்டேன்.

தேர்வு நாள் வந்தது. ஜெயித்த கம்பெனி மூன்று பேரை அனுப்பியிருந்தது. பழைய ஆள் என்று புஷ்பராணியையும் சேர்த்திருந்தார்கள். மார்க் போடக் கர்னலும் போஜனும். எனக்கு வாசலில் நின்று பெயர் கூப்பிடும் வேலை மட்டும்.

முதலில் உட்கார்ந்தது ஒரு பட்டதாரிப் பெண். கம்ப்யூட்டரில் விரல்கள் பறந்தன. நல்ல ஆங்கிலம், நல்ல மரியாதை. இவளைத் தாண்டிப் புஷ்பா எங்கே வரப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அந்த வெளிநாட்டுக்காரி வந்தாள். இப்போது வயிறு நன்றாக இறங்கியிருந்தது. பட்டதாரிப் பெண் எவ்வளவோ கேட்டுப் பார்த்தாள். வந்தவள் எதற்கும் பதிலாக 'புஷ்பா, புஷ்பா' என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் பெண் சட்டென்று எழுந்து வாசலுக்கு வந்தாள். தன் முறைக்காகக் காத்திருந்த புஷ்பராணியைப் பார்த்தாள்.

"அக்கா, இவங்க உங்களைத்தான் தேடறாங்க. நான் கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்க வாங்கக்கா."

நடப்பது அந்தப் பெண்ணின் தேர்வு. உள்ளே போய் உதவினால் மார்க் அவளுக்குத்தான். புஷ்பராணி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். வெளிநாட்டுக்காரியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காதோடு காதாக ஏதோ கேட்டாள். நிமிர்ந்தாள்.

"வலி விட்டு விட்டு வருதாமுங்க. காலையில இருந்தே இருந்திருக்குது. வண்டிக்குச் சொல்லு கண்ணு."

அந்தப் பெண் அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் பதிவு செய்து, வண்டிக்குச் சொல்லி, வகுப்பிலிருந்த கணவனுக்கும் தகவல் அனுப்பிவிட்டாள். புஷ்பராணி தன் தேர்வை மறந்துவிட்டு வண்டியில் ஏறப் போனாள். கர்னல்தான் தடுத்து, தன் மனைவியை வரவழைத்துத் துணைக்கு அனுப்பி வைத்தார்.

போஜன் மார்க் தாளை வைத்துக்கொண்டு விழித்தார். "சார், இப்ப மார்க்க யாருக்குங்க போடறது?"

கர்னல் காதிலிருந்த பென்சிலை எடுத்து அவரிடம் நீட்டினார். "அந்தப் பொண்ணு கூப்பிட்டதுக்கு அவளுக்குப் போடுங்க. இவங்க போனதுக்கு இவங்களுக்குப் போடுங்க."

அடுத்து வந்த கூடலூர்க்காரர் நல்ல மனிதர், ஆனால் பெண்கள் வந்தபோதெல்லாம் எழுந்து நின்றுகொண்டே இருந்தார். கடைசியாகப் புஷ்பராணி. அவள் கம்ப்யூட்டரில் பள்ளிச் சேர்க்கையைப் பதிந்து முடிப்பதற்குள் போஜன் இரண்டு டீ குடித்துவிட்டார். ஆனால் முடித்தாள், பிழை இல்லாமல் முடித்தாள். மேசை அவளுக்கே கிடைத்தது. பட்டதாரிப் பெண்ணையும் கம்பெனிக்காரர்கள் விடவில்லை, ஆய்வுக் கட்டுரைப் பிரிவில் காலியாக இருந்த இடத்தில் போட்டார்கள். பிறகு அரசுத் தேர்வு எழுதி எங்கள் பிரிவுக்கே நிரந்தரமாக வந்துவிட்டாள். அவள்தான் திவ்யா.

அன்று மாலை புஷ்பராணி என் அறைக்கு வந்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஆம்பளப் புள்ளையாமுங்க மேடம்," என்றாள். ஆஸ்பத்திரிச் செய்தி. அவ்வளவுதான். இரண்டு பேரும் அழுதோம்.

அவள் மகள் இப்போது கோயமுத்தூரில் நர்ஸ். புஷ்பராணி அதற்குப் பிறகு தேயிலை பறிக்கப் போகவில்லை. அந்த மேசையில்தான் இருக்கிறாள்.

இப்போது என் கடைசி மாதத்துக்கு வருகிறேன். என் நாற்காலியில் யார் உட்கார்ந்து பார்ப்பது என்ற கேள்வி வந்தபோது திவ்யா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "புஷ்பாக்கா வர்றேங்கறாங்க மேடம்."

ஒருநாள் முழுவதும் என்னை நூலகத்துக்கு நாடு கடத்தினார்கள். புத்தகத்தைப் பிரித்து வைத்தும் ஒரு பக்கம்கூட ஓடவில்லை. என்ன கேட்கிறார்களோ, எந்தக் கோப்பு எங்கே என்று தெரியாமல் தவிக்கிறாளோ என்று மனசெல்லாம் அங்கேதான். கர்னல் அவள் நாற்காலியில் உட்கார்ந்த அன்று புஷ்பராணியும் இப்படித்தான் நூலகத்தில் தவித்திருப்பாள் என்று அப்போதுதான் உறைத்தது.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்கள். என் நாற்காலியில் புஷ்பராணி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். புதிதாக வந்திருக்கும் அதிகாரி வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. அவள் சொல்லச் சொல்லத் திவ்யா அவருக்கு மாற்றிச் சொன்னாள். போஜனும் கோப்போடு நின்றிருந்தார்.

கம்பெனிக்காரர்களுடன் பேச வேண்டும், டெண்டர் விதிகள் தெரிய வேண்டும், கேட் பாஸ் பார்க்க வேண்டும் என்று புஷ்பராணி எல்லாம் சொன்னாள். பிறகு கொஞ்சம் நிறுத்தினாள்.

"இன்னொன்னுங்க சார். இந்த நாற்காலிக்கு எதுத்தாப்புல ஒண்ணு இருக்குதுங்க. கான்ட்ராக்ட் முடிஞ்சு ஊட்டுக்குப் போறவங்க கடைசியா இங்கதான் வந்து உக்காருவாங்க. இன்னைக்குக்கூட லைப்ரரிப் பையன் வந்து உக்காந்தானுங்க. ஒண்ணும் கேக்கல, சும்மா உக்காந்திருந்தான். இங்க வர்ற ஆளு அவங்களை எழுப்பி அனுப்பக் கூடாதுங்க. டீ இருந்தா ஊத்திக் குடுக்கணுமுங்க. அதையும் எழுதிக்குங்க."

திவ்யா மாற்றிச் சொல்ல முயன்று, பாதியில் நிறுத்திவிட்டாள். மீதியைப் போஜன் சொன்னார். அதிகாரி இதை எப்படி டெண்டரில் எழுதுவது என்பது போல் போஜனைப் பார்த்தார்.

"எழுதட்டுமுங்க," என்றார் போஜன் எங்களைப் பார்த்து. "பைனான்சுக்கு ஆட்சேபணை இல்லை."

எல்லோரும் போன பிறகும் நான் நின்றுகொண்டே இருந்தேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. புஷ்பராணி என் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. எதிர் நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காருங்க மேடம்."

அத்தனை வருடத்தில் அந்த நாற்காலியில் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தேன். அது டக்கென்று ஒரு பக்கம் சாய்ந்தது. குனிந்து பார்த்தேன். ஒரு கால் குட்டை. வேலை போகுமோ என்று பதறி வந்தவர்கள், வேலை போய் வந்தவர்கள், எத்தனையோ பேர் என் எதிரில் இதில் ஆடிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர்கூடச் சொல்லவில்லை, நானும் உட்கார்ந்து பார்க்கவில்லை.

புஷ்பராணி ஃபிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றினாள்.

"திவ்யா," என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டேன். "தச்சரை வரச் சொல்லு. புது ஆளு வர்றதுக்குள்ள இந்தக் காலுக்கு ஒரு கட்டை வெக்கணும்."